போய்வந்தவர் சொன்ன கதைகள்

பயணம் செய்வது இன்று பலருக்கும் எளிதாகிவிட்டது. பயணத்தைப் பற்றி எழுதுவதும் அவ்வாறே எளிதாகிவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். பத்திரிகை ஒன்றின் வாரமலர்ப் பக்கங்களுக்குப் பல ஆண்டுகள் பொறுப்பாக இருந்தவன் என்ற வகையில், என் மேசைக்கு வந்து சேர்ந்த பயணக் கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. விமானம் எத்தனை மணிக்குப் புறப்பட்டது, ஹோட்டலில் காலை உணவுக்கு என்ன கிடைத்தது, எந்தக் கோபுரத்தின் முன்னால் யார் யார் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள் என்பவற்றையெல்லாம் அவை விரிவாகச் சொல்லும். வாசித்து முடித்த பின்னர், அந்த ஊரைப் பற்றி வாசகனுக்குப் புதிதாக ஏதும் தெரிந்திருக்காது. எழுதியவர் அங்கே போனார் என்ற ஒன்று மட்டும் ஐயமறத் தெரிந்திருக்கும்.

இவற்றை எழுதியவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. போய்வந்ததைச் சொல்லவேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு இயல்பானது. ஆனால் எந்தப் பயணக் கதை நூறு ஆண்டுகளுக்குப் பிறகும், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் ஒருவருக்குப் பயன்படுகிறது என்ற கேள்வி முக்கியமானது. அதற்கு விடை தேட நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. இந்தச் சிறிய தீவுக்கு வந்துபோனவர்களும் வந்து அகப்பட்டுக்கொண்டவர்களும் எழுதிவைத்தவற்றைப் பார்த்தாலே போதும்.

ஆற்றுப்படுத்தும் மரபு

அதற்கு முன்னர், தமிழில் இத்தகைய எழுத்துக்கு இருந்த இலக்கணத்தை நினைவூட்ட விரும்புகிறேன். பத்துப்பாட்டில் ஐந்து பாடல்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம் என்பனவே அவை. புரவலன் ஒருவனிடம் சென்று பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைச் சந்தித்து, தான் போன வழியை அவனுக்குச் சொல்வதே இவற்றுட் பெரும்பாலானவற்றின் அமைப்பாகும். திருமுருகாற்றுப்படையில் இவ்வமைப்பு பக்தனை முருகனிடம் வழிப்படுத்துவதாக மாறுகிறது. எந்த நிலத்தைக் கடக்கவேண்டும், அங்கே எந்த மக்கள் இருப்பார்கள், உண்பதற்கு என்ன தருவார்கள், எந்த இடத்தில் கவனமாகக் கால்வைக்கவேண்டும் என்றெல்லாம் அந்தப் பாடல்கள் சொல்கின்றன.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. போய்வந்தவன் தன் பயணத்தைச் சொல்வது தன் பெருமைக்காக அன்று. எதிரே நிற்பவன் பசித்திருக்கிறான். அவனுக்கு வழி தெரியவேண்டும். பயண எழுத்தின் முதல் விதி இதுதான் என்று நான் கருதுகிறேன். நமக்குப் பின்னால் வரப்போகும் ஒருவர் நாம் எழுதியதை நம்பி நடக்கக்கூடும். அவர் நடப்பது பாதையில் மட்டுமல்ல, வரலாற்றிலும்தான்.

ஒரு வெண்பட்டு விசிறி

சீனத் துறவியான பாஹியன் 399 ஆம் ஆண்டு சாங்ஆன் நகரிலிருந்து புறப்பட்டார். பௌத்த சங்கத்தின் ஒழுக்க விதிகளான விநய நூல்களின் முழுமையான பிரதிகளைத் தேடிப் பெறுவதே அவருடைய நோக்கம். பாலைவனத்தையும் பனிமலைகளையும் கடந்து இந்தியாவை அடைந்து, அங்கிருந்து கடல் வழியாக இலங்கைக்கு வந்து, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு ஆண்டுகள் இங்கே தங்கினார். அநுராதபுரத்தின் அபயகிரி விகாரையில் 5,000 பிக்குகளும் மகாவிகாரையில் 3,000 பிக்குகளும் இருந்தனர் என அவர் குறித்திருக்கிறார். ஆய்வாளர்களுக்கு இந்த எண்கள் முக்கியமானவை.

ஆனால் அவருடைய நூலை வாசித்த எவரும் மறக்காத இடம் வேறொன்று. அபயகிரியில் பச்சை மணிக்கல்லாலான புத்தர் சிலையின் முன்னால் அவர் நின்றபோது, வணிகர் ஒருவர் காணிக்கையாக வைத்த வெண்பட்டு விசிறி அவர் கண்ணிற்படுகிறது. அது சீனத்து விசிறி. ஊரைவிட்டுப் புறப்பட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன. சந்தித்தவர்கள் எல்லோரும் அந்நியர். கூட வந்தவர்களில் சிலர் இறந்துவிட்டனர். சிலர் வழியிலேயே தங்கிவிட்டனர். விசிறியைக் கண்டதும் அவருடைய கண்கள் கலங்குகின்றன.

நூல் முழுவதும் தூரங்களையும் விகாரைகளையும் பிக்குகளின் எண்ணிக்கையையும் கூறிச்செல்லும் ஒருவர், தன் மனம் கலங்கியதை அரிதாகவே சொல்கிறார். அதனாலேயே அந்த இடம் 1,600 ஆண்டுகளுக்குப் பின்னரும் நம்மைத் தொடுகிறது. பக்கத்துக்குப் பக்கம் நெகிழ்ந்திருந்தால் விசிறி நம் கண்ணிற் பட்டிராது. அந்த விசிறி வெறும் உணர்ச்சிச் சின்னமும் அன்று. அக்காலத்தில் சீனப் பொருள்கள் இலங்கைக்கு வந்துகொண்டிருந்தன என்பதற்கான வணிகச் சான்றும் அதுவே. ஒரு பொருளைச் சரியாகப் பார்த்து எழுதினால், அதுவே உணர்ச்சியையும் தகவலையும் ஒருசேரச் சுமந்துவரும்.

கண்டதும் கேட்டதும்

பாஹியனுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் கழித்து வந்த யுவான் சுவாங் இலங்கைக்கு வரவே இல்லை. வர விரும்பினார். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்தார். அங்கே, இலங்கையில் மன்னன் இறந்ததையும் பஞ்சமும் குழப்பமும் நிலவுவதையும் அங்கிருந்து வந்திருந்த பிக்குகள் வாயிலாக அறிந்து, தம் எண்ணத்தைக் கைவிட்டார் என அவருடைய வரலாறு கூறுகிறது. ஆயினும் அவருடைய நூலில் இலங்கையைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. சிங்கத்தின் வழித்தோன்றல்கள் பற்றிய கதையும் அதில் இடம்பெறுகிறது.

அப்படியானால் அவர் வாசகரை ஏமாற்றினாரா? இல்லை. அந்த நூலைத் தொகுக்க உதவிய துறவி, ஒரு விதியைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார். ஒரு நாட்டுக்குச் 'சென்றார்' எனக் குறிக்கும் ஒரு வினைச்சொல் பயன்படுத்தப்பட்டிருந்தால் அது நேரிற் கண்டது. வேறொரு வினைச்சொல் பயன்படுத்தப்பட்டிருந்தால் அது கேட்டு எழுதியது. சீன மொழியில் இதற்காக இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. 'வந்தார்' என்பதற்கும் 'வந்தாராம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். 'ஆம்' என்ற சிறு விகுதி, இதை நான் காணவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் நேர்மையின் அடையாளம். ஆனால் எழுத்துக்கு வரும்போது நம்மவர்கள் பெரும்பாலும் அந்த 'ஆம்' என்பதைக் கைவிட்டுவிடுகின்றனர். வழிகாட்டி சொன்னதும், ஓட்டோச் சாரதி சொன்னதும், இணையத்தில் வாசித்ததும் ஒரே குரலில், கண்ணாற் கண்ட உண்மைபோல வந்து விழுகின்றன.

எலுமிச்சம்பழமும் முத்துக்களும்

மொரோக்கோ நாட்டவரான இபின் பதூதா 1344 ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து வந்து, புத்தளம் எனக் கருதப்படும் துறையில் இறங்கினார். அங்கே அவர் சந்தித்த மன்னனை ஆரியச் சக்கரவர்த்தி என்கிறார். மன்னனுக்குப் பாரசீக மொழி தெரிந்திருந்தது என்றும், தனக்கு முத்துக்களைப் பரிசளித்தான் என்றும், அவனுடைய கப்பல்களைச் சோழமண்டலக் கரையில் தான் கண்டதாகவும் குறிப்பிடுகிறார். ஆதாம் மலைக்குப் போகவேண்டும் என்று கேட்டபோது, பல்லக்கும், நான்கு யோகிகளும், மூன்று பிராமணர்களும், அரசனின் ஆட்கள் பத்துப் பேரும், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேரும் அவருக்குக் கொடுக்கப்பட்டனர்.

யாழ்ப்பாண இராச்சியத்தின் வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் இந்தச் சில பக்கங்களைத் தவறாமல் எடுத்தாண்டிருக்கின்றனர். 14 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த அரசு தெற்கே புத்தளம் வரை செல்வாக்குப் பெற்றிருந்ததற்கும், முத்து வணிகத்திலும் கடல் வலிமையிலும் மேம்பட்டிருந்ததற்கும் இது அந்நியர் ஒருவரின் சாட்சி. எழுதியவர் யாழ்ப்பாணத்துக்குப் போகவில்லை. அவருடைய அக்கறை மலையிலிருந்த பாதச்சுவட்டில் இருந்தது. வழியிற் கண்டதைச் சொன்னார். அது நமக்கு வரலாறாயிற்று.

அவரை எவ்வளவு தூரம் நம்பலாம்? அவர் தன் பயணங்களை ஊர் திரும்பிய பின்னர், இபின் ஜுஸை என்ற எழுத்தாளருக்கு வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்தார். கடலில் கொள்ளையரிடம் தன் குறிப்புகளைப் பறிகொடுத்ததாக அவரே கூறுகிறார். மக்கா, டமஸ்கஸ் போன்ற நகரங்களின் வர்ணனைகளில் சில, அவருக்கு முன்னர் பயணம் செய்த இபின் ஜுபைர் என்பவரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கின்றனர். இவ்வளவும் தெரிந்த பின்னரும் இலங்கைப் பகுதியை நாம் மதிப்பதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று அட்டை.

மலைப்பாதையில் மரங்களிலிருந்தும் புற்களிலிருந்தும் தாவிவந்து இரத்தம் உறிஞ்சும் அட்டைகளைப் பற்றி அவர் சொல்கிறார். அவற்றின்மேல் பிழிந்துவிடுவதற்காக மக்கள் எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருப்பார்கள் என்றும் சொல்கிறார். மழைக்காலத்தில் சிவனொளிபாதமலைக் காட்டுப் பாதைகளில் நடந்தவர்களுக்கு இதன் உண்மை புரியும். பழைய நூலிலிருந்து ஒரு நகரத்தின் வர்ணனையை எடுத்துவிடலாம். காலிலே கடித்த அட்டையை அப்படி எடுத்துவிட முடியாது.

இபின் பதூதாவின் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. அதைப் பலர் சொல்வதில்லை. இலங்கையிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் போன அவர், மதுரைச் சுல்தான் கியாதுதீனின் விருந்தினராக இருந்தார். சுல்தானின் மனைவியும் இபின் பதூதா முன்னர் மணந்த பெண்ணும் சகோதரிகள். அந்த உறவினன், காட்டிலே பிடிபட்ட இந்துக் குடிமக்களை, பெண்களையும் குழந்தைகளையும்கூட விட்டுவைக்காமல், கழுவேற்றியும் வெட்டியும் கொன்றதை அவர் எழுதியிருக்கிறார். அது இழிந்த செயல் என்றும் வேறெந்த மன்னனும் இவ்வாறு செய்ததை அறியேன் என்றும் கண்டித்திருக்கிறார். சுல்தான் இறந்த பிறகு, வெகுதொலைவிலிருந்தே எழுதினார் என்பது உண்மை. ஆயினும், கொன்றவன் தன் உறவினன், தன் மதத்தவன், தனக்கு விருந்திட்டவன். கொல்லப்பட்டவர்கள் அவருக்கு எவ்விதத்திலும் உறவில்லாதவர்கள். சொல்லாமல் விட்டிருந்தால் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். விருந்தோம்பலுக்கு நன்றி சொல்வதோடு பயணியின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதை அந்த ஒரு பக்கம் காட்டுகிறது.

தன்னைக் கடைசியில் வைத்தவர்

இலங்கையைப் பற்றி எழுதிய அந்நியர்களில் றொபேட் நொக்ஸ் தனித்துவமானவர். புயலில் பாய்மரம் சேதமுற்ற 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் திருத்த வேலைக்காகத் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 ஏப்ரலில், கப்பலின் தலைவரான அவருடைய தந்தையும் அவரும் வேறு சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களால் பிடிக்கப்பட்டனர். அப்போது நொக்ஸுக்கு வயது 19. மறு ஆண்டே தந்தை காய்ச்சலால் இறந்தார். மகன் கண்டி நாட்டில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்தார். சிறை என்றாலும் கம்பிகளுக்குள் அல்ல. கிராமங்களில் வாழ்ந்து, சிங்களம் பேசப் பழகி, தொப்பி பின்னி விற்று, நெல்லை வட்டிக்குக் கொடுத்து வாழ்க்கை நடத்தினார்.

1679 இல், ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழருடன் சில்லறை வியாபாரிபோல வடக்கு நோக்கி நடந்தார். அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையோரமாகக் காட்டினூடே சென்று, ஒக்டோபர் 18 ஆம் திகதி மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அந்த ஆற்றை நாம் அருவி ஆறு என்கிறோம். தாயகம் திரும்பும் கப்பற் பயணத்தின்போதே எழுதத் தொடங்கினார். விஞ்ஞானி றொபேட் ஹூக்கின் உதவியுடன் 1681 இல் நூல் இலண்டனில் வெளிவந்தது. அடுத்த 12 ஆண்டுகளுக்குள் ஜேர்மன், டச்சு, பிரெஞ்சு மொழிகளிலும் வெளியாயிற்று. டானியல் டெஃபோ தன் 'கப்டன் சிங்கிள்டன்' நாவலில் நொக்ஸின் கதையைச் சுருக்கிச் சேர்த்துக்கொண்டார்.

இந்த நூலின் அமைப்பை நம் பயணக் கட்டுரையாளர்கள் கவனிக்கவேண்டும். அது நான்கு பாகங்களைக் கொண்டது. முதலாவது நாட்டையும் அதன் விளைபொருள்களையும் விலங்குகளையும் பற்றியது. இரண்டாவது மன்னனையும் ஆட்சியையும் பற்றியது. மூன்றாவது மக்களின் வாழ்க்கை, வழிபாடு, மொழி, சட்டம் ஆகியவற்றைப் பற்றியது. நான்காவது பாகத்தில்தான் அவருடைய சொந்தக் கதை வருகிறது. இளமையின் இரண்டு தசாப்தங்களைப் பறிகொடுத்த ஒருவருக்குத் தன்னைப் பற்றி முதற் பக்கத்திலேயே சொல்ல எல்லா உரிமையும் இருந்தது. எனினும் முதலில் நாடு, பிறகு மக்கள், கடைசியில் தான் என்ற வரிசையில் நூல் அமைந்திருக்கிறது. தன்னைச் சிறைப்படுத்திய நாட்டின் நெல் வேளாண்மையை அவர் விவரிக்கும் பொறுமையைப் பார்க்கும்போது வியப்பே ஏற்படுகிறது.

தப்பிச் செல்லும் வழியில் அநுராதபுரப் பகுதியில் தான் சந்தித்த மக்கள் தமிழர் என்றும், தான் பேசிய சிங்களம் அவர்களுக்கு விளங்கவில்லை என்றும் அவர் எழுதியுள்ளார். அக்கால ஐரோப்பியர் வழக்கப்படி தமிழரை 'மலபார்' என்கிறார். கண்டி மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் அடங்காத வன்னியன் ஒருவனின் நாட்டையும் குறிப்பிடுகிறார். கயிலாய வன்னியன் என நம் வரலாறு கூறும் தலைவனே அவன். இந்த வரிகள் இன்றுவரை அரசியல் மேடைகளிலும் கட்டுரைகளிலும் இழுபடுகின்றன. ஒரு சாரார் இதையே முழு வரலாறு என்பர். மறுசாரார் இது இல்லாததுபோல நடந்துகொள்வர். உயிருக்கு அஞ்சி வழி தேடிய ஒருவர், ஒரு குறித்த நாளில், ஒரு குறித்த இடத்தில் கண்டதைச் சொன்னார். அந்த அளவுக்கு அது உறுதியான சான்று. அதற்கு மேல் அவர்மீது நாம் சுமத்தும் பாரம் நம்முடையது.

நொக்ஸைப் புனிதராக்கவும் வேண்டியதில்லை. அடிமைத்தனத்தின் கசப்பை அறிந்த அவர், பின்னாளில் கப்பல் தலைவராகி மடகஸ்காரிலிருந்து அடிமைகளை ஏற்றிச் செல்லும் தொழிலில் ஈடுபட்டார். பயணம் மனிதனை விரிவாக்கும் என்று சொல்வார்கள். தானாகவே விரிவாக்குவதில்லை என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி.

கேள்வியோடு புறப்பட்டவர்கள்

நம்மவர்களில் இருவரை இங்கே குறிப்பிடவேண்டும். ஊர்காவற்றுறைப் பகுதியிலுள்ள கரம்பனைச் சேர்ந்த சோ.சிவபாதசுந்தரம் இலங்கை வானொலியிலும் பி.பி.சி.யிலும் பணியாற்றியவர். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவர். அவர் எழுதிய 'மாணிக்கவாசகர் அடிச்சுவட்டில்', 'கௌதம புத்தர் அடிச்சுவட்டில்', 'சேக்கிழார் அடிச்சுவட்டில்' ஆகிய நூல்களின் தலைப்புகளே அவருடைய முறையைச் சொல்லிவிடுகின்றன. எங்கே போகலாம் என்று யோசித்து அவர் புறப்படவில்லை. ஒருவர் நடந்த வழி எது என்ற கேள்வியோடு புறப்பட்டார்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த ஏ.கே.செட்டியார் மற்றவர். காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு 1937 இல், நியூயோர்க்கிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் கப்பலில் ஏற்பட்டது. அதற்காகப் பல நாடுகளில் அலைந்து, ஏறத்தாழ 50,000 அடி நீளமான படச்சுருள்களைத் திரட்டினார். 1940 இல் படம் வெளிவந்தது. 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற நூலால் அறியப்பட்ட அவர், தான் நடத்திய 'குமரி மலர்' இதழில் மற்றவர்கள் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடி மறுபிரசுரம் செய்தார். தன் பயணத்தை எழுதியதோடு நில்லாமல் பிறர் பயணங்களையும் காப்பாற்றியவர் அவர். இந்த இரண்டாவது பணி நமக்கு இன்று மிக அவசரமானது. அதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன்.

எழுதப்படாத பயணங்கள்

நொக்ஸ் அரிப்பை நோக்கி நடந்த காட்டு நிலத்திலேயே, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின்னர், எதிர்த்திசையில் பெருந்தொகையான மக்கள் நடந்தார்கள். கோப்பித் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து படகில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாகச் சென்ற தொழிலாளர்கள் அவர்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பற் சேவை 1914 இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னர் கொலராவும் மலேரியாவும் பசியும் தாகமும் அந்தப் பாதையில் எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. தோட்டத்துரைமாரின் கடிதங்களிலும் அரச அறிக்கைகளிலும் அவர்கள் எண்களாக இருக்கின்றனர். நடந்தவர்களில் ஒருவர் தன் கையால் எழுதிய நூல் நொக்ஸின் நூலுக்குப் பக்கத்தில் வைப்பதற்கு நமக்குக் கிடைக்கவில்லை. வாய்மொழிப் பாடல்களில் மட்டும் அந்த வழியின் துயரம் தங்கியிருக்கிறது.

அது பழைய கதை. நம் காலத்துக் கதை என்ன? 1990 இல் ஆனையிறவுப் பாதை மூடப்பட்ட பின்னர், கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகுகளிற் கடந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அதே 1990 ஒக்டோபர் இறுதியில், விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் எல்லோரும் தங்கள் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்கள்தான். அவர்கள் புத்தளத்தை அடைந்த பயணத்தைத் தமிழ்ப் பத்திரிகைகள் எவ்வளவு எழுதின? 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. 2009 இல் வன்னி மக்கள் மேற்கிலிருந்து கிழக்கே, கடற்கரையின் ஒரு கீலம் மட்டும் எஞ்சும்வரை நகர்ந்தார்கள். இவையெல்லாம் பயணங்கள் இல்லையா?

1995 இல் நான் கொழும்பில் இளம் நிருபராக இருந்தேன். வலிகாம இடப்பெயர்வு எங்கள் மேசைக்கு 'இலட்சக்கணக்கானோர்' என்ற ஒரே சொல்லாக வந்தது. ஏ9 பாதை 2002 இல் திறக்கப்பட்ட பின்னர், சாவகச்சேரியில் ஒரு தாயாரைச் சந்தித்தேன். அன்றைய இரவைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது இன்றும் என் குறிப்பேட்டில் இருக்கிறது. "நாவற்குழிப் பாலம் தாண்ட எத்தினை மணித்தியாலம் எண்டு கேக்காதை தம்பி. மழை. கால் வைக்க இடமில்லை. முன்னுக்குப் போற மனிசன்ர முதுகில ஒரு சாக்குப் பை. அதைப் பாத்துக்கொண்டே நடந்தனான். காணி உறுதியை எடுத்தனான், கண்ணாடியை விட்டிட்டன். உறுதி கையில இருந்தும் வாசிக்கேலாமப் போச்சு."

உறுதியை எடுத்து மூக்குக் கண்ணாடியை விட்டுவந்த அந்த ஒரு வாக்கியத்தில், 'இலட்சக்கணக்கானோர்' என்ற சொல் சொல்லாத எல்லாம் இருக்கிறது. பாஹியனின் விசிறியும் இபின் பதூதாவின் எலுமிச்சம்பழமும் செய்த வேலையை அந்தக் கண்ணாடி செய்கிறது. அந்த அம்மா எழுத்தாளர் அல்லர். கேட்பதற்கு ஒருவர் இருந்தால் போதும், சொல்லத் தெரிந்தவர்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் இப்போது விடுமுறைக்கு ஊருக்கு வருகின்றனர். 1990 இல் நின்றுபோன யாழ்தேவி 2014 இல் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. தெற்கிலிருந்தும் சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். கோயிலையும் கோட்டையையும் நண்டுக் குழம்பையும் பற்றி நிறையவே எழுதப்படுகிறது. எழுதட்டும், அதிற் பிழையில்லை. ஆனால் அவர்கள் வாகனத்திற் கடக்கும் அந்தப் பாதையில் நடந்தே போனவர்கள் அந்தந்த வீடுகளிலேயே இருக்கிறார்கள். 1995 இல் 40 வயதாக இருந்தவருக்கு இன்று 70 கடந்துவிட்டது. சிலருக்கு நினைவு மங்கத் தொடங்கிவிட்டது.

ஆகவே அடுத்த முறை ஊருக்குப் போகும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பயணத்தை எழுதுங்கள். அதற்கு முன்னால் ஒரு மாலைப்பொழுது, உங்கள் பெரியம்மாவிடமோ மாமாவிடமோ அவர்களுடைய பயணத்தைக் கேளுங்கள். என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்கவேண்டாம். அதற்கு எவராலும் உடனே விடை சொல்ல இயலாது. எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள், எந்த ஒழுங்கையால் போனீர்கள், கையில் என்ன இருந்தது, எதை விட்டு வந்தீர்கள், வழியில் தண்ணீர் தந்தது யார் என்று கேளுங்கள். கண்டதைக் கண்டது என்றும் கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்து எழுதுங்கள். திகதியையும் ஊர்ப் பெயரையும் விடாதீர்கள். அவர்கள் பெயரை வெளியிடலாமா என்பதையும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். நம் தரப்புக்கு ஒவ்வாத செய்தி ஒன்று வந்தால், அதையும் எழுதுங்கள்.

அச்சில் வரவேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு கொப்பியில் எழுதி, கீழே நாளையும் இடத்தையும் குறித்து வைத்தாலும் போதும். உங்கள் பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கு அந்த வழி ஒருநாள் தேவைப்படும்.